பதினாறு வயதுக்குப் பின்னர் நம் மாணவச் சாதனையாளர்கள் எங்கே போகிறார்கள்?

படுவான்கரை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தரம் 11 வரை மட்டுமே வகுப்புகள் உள்ள ஒரு பாடசாலையில் உடற்கல்வி கற்பிக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக ஏறி, அகில இலங்கைப் போட்டி வரைக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சென்று வருகிறார்கள். பதக்கத்துடன் திரும்பினால் ஊர் எல்லையில் காத்திருந்து மாலையிட்டு, வாகன ஊர்வலமாக அழைத்து வருகிறோம். சந்தியில் பதாகை கட்டுகிறோம். முகநூலில் படங்கள் நிறைகின்றன. இவற்றில் எனக்குக் குறை எதுவுமில்லை. அந்தப் பிள்ளைகள் அந்த மாலைக்கு உரியவர்களே.

என் கவலை அதற்கு அடுத்த வருடத்தைப் பற்றியது. 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மாகாணத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த நம் பிள்ளைகளின் பெயர்களை 18, 20 வயதுப் பிரிவுகளின் பெறுபேறுகளில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டியிலும் ஏறக்குறைய இதே கதைதான். தரம் 10, 11 இல் பாவோதலிலும் பேச்சிலும் கலக்கியவர் உயர்தரத்துக்கு (தரம் 12, 13) போனதும் மௌனமாகிவிடுகிறார்.

கைத்தொலைபேசி, பிரத்தியேக வகுப்பு, பெற்றோரின் அக்கறையின்மை என்று காரணங்களை அடுக்குவது எளிது. அவை ஓரளவு உண்மையும்கூட. ஆயினும் எல்லோரும் கண்ணால் கண்டும் பேசாமல் விடுகிற ஒரு காரணம் உண்டு. வகை 2 பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடுகிறது. 1சி பாடசாலையில் உயர்தரம் இருந்தாலும் கலை, வர்த்தகம் போன்ற பிரிவுகள்தான் இருக்கும். விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளை 1ஏபி பாடசாலை ஒன்றைத் தேடி, அநேகமாக வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போக வேண்டும். அங்கே சேரும்போது சாதாரணதரப் பெறுபேறும், பாடசாலை விடுகைப் பத்திரமும், நற்சான்றிதழும் கேட்கப்படும். இந்தப் பிள்ளை ஈட்டி எறிபவர் என்பதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஐந்து வருடம் கூடவே நின்ற ஆசிரியர் ஒரு கரையில், பிள்ளை மறு கரையில். புதிய பாடசாலையிலோ தரம் 6 முதல் சேர்ந்து விளையாடிய அணி ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் புதிதாக வருபவர் தானாக நுழைவது கடினம்.

பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டது என்று நாம் சொல்வது சரியா, பாடசாலை பிள்ளையின் கையை விட்டுவிட்டதா என்பதே என் கேள்வி. மற்ற வலயங்களில் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் பயன்படும்.

களுதாவளைத் தாய் எழுதியது:

சேர், வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் நான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் 800 மீற்றர், 1500 மீற்றர் ஓடியவள். சாதாரணதரப் பரீட்சையோடு நிறுத்தினோம். நிறுத்தியது நாங்கள்தான், அவள் அல்ல.

காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் பிரிக்கப்படுகிறது. அந்த 16 மாவட்டங்களில் மட்டக்களப்பும் அம்பாறையும் அடங்கும். இந்தச் சலுகை இருந்தும் உயிரியல் பிரிவில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கப்படும் இசட் புள்ளியின் இரண்டாம் தசமம் ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குள்ளா வெளியிலா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பாடசாலை விட்டதும் பிரத்தியேக வகுப்பு; அது முடிய இருட்டிவிடும். பயிற்சிக்கு நேரம் எங்கே? மாலையில் மைதானத்துக்குப் போய்விட்டுத் தனியே சைக்கிளில் திரும்பும் பெண்பிள்ளையை நினைத்துக் கவலைப்படாத தாய் இந்த ஊரில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

பெற்றோரின் அக்கறையின்மை என்று சிலர் எழுதும்போது மனம் நோகிறது. அக்கறை இருந்தபடியால்தான் நிறுத்தினோம். அவள் ஓடிக்கொண்டே படித்திருக்க முடியுமா என்று இன்று கேட்டால், முடிந்திருக்கலாம். ஆனால் இன்ன கிழமையில் இன்ன நேரம் போதும், மற்ற நேரம் படிக்கட்டும் என்று ஒரு திட்டத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து பேசியவர் யாருமில்லை. முழுவதாக வா, இல்லாவிட்டால் வராதே என்பதாகவே எல்லாம் இருந்தது.

முன்னாள் ஓட்டக்காரி எழுதியது:

அம்மா, உங்கள் கடைசி வரியைத்தான் நானும் எழுத நினைத்தேன். நான் இப்போது மருத்துவ மாணவி. பாடசாலைக் காலத்தில் அஞ்சலோட்ட அணியில் ஓடியிருக்கிறேன். சேர் எழுப்பிய கேள்விக்கு உடலியல் சார்ந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் காணாமற்போகும் எல்லாப் பெயர்களுக்கும் பாடசாலை மாற்றத்தைக் காரணமாகச் சொல்ல இயலாது.

பெண்பிள்ளைகள் சராசரியாக 12 வயதளவிலும் ஆண்பிள்ளைகள் 14 வயதளவிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். இது எல்லோருக்கும் ஒரே வருடத்தில் நிகழ்வதில்லை. முந்தி வளர்ந்த பிள்ளை 14, 16 வயதுப் பிரிவுகளில் தன் வயதொத்தவர்களைவிட உயரமும் பலமும் கூடியவராக நிற்பதால் பதக்கம் எளிதில் கிடைக்கிறது. பிந்தி வளர்பவர்கள் 17, 18 வயதில் அவரை எட்டிப் பிடிக்கிறார்கள். அப்போது முன்னவர் தன் திறமை போய்விட்டதாக எண்ணி மனம் உடைந்து விலகுகிறார். அதே வேளை, 14 வயதில் கடைசியாக வந்து தேர்வாகாமல் போன, பின்னர் வளரவிருந்த பிள்ளையை நாம் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. எறிதல் நிகழ்ச்சிகளில் இன்னொன்றும் உண்டு. சர்வதேச விதிப்படி ஆண்களுக்கான ஈட்டி 18 வயதுக்குட்பட்டோருக்கு 700 கிராம், 20 வயதுக்குட்பட்டோருக்கு 800 கிராம். நுட்பம் படியாமல் தோள் பலத்தால் மட்டும் எறிந்து வென்றவருக்கு அந்த 100 கிராம் பெரிய தடையாகிவிடும்.

நீளத்தூர ஓட்டப் பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதவிடாய் தொடங்கிய பின், இரும்புச்சத்துக் குறைவால் வேகம் குன்றுவது சாதாரணமாக நிகழ்வது. அதைச் சோம்பல் என்று ஏசுவதை நானே கேட்டிருக்கிறேன். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விடயம் அது.

வெப்பத்தையும் இங்கே பேசியாக வேண்டும். நமது இல்ல விளையாட்டுப் போட்டிகள் மாரி மழை ஓய்ந்து மைதானம் காய்ந்த பின், பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நடைபெறுகின்றன. மழைக்காலம் முழுவதும் பயிற்சியின்றி இருந்த பிள்ளைகள் திடீரென வெயிலில் மரதன் ஓட அழைக்கப்படுகிறார்கள். வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு கிழமை வரை தேவைப்படும். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் உயிரிழந்த துயரத்தை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் பிள்ளையை ஓட விடத் தயங்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். விடியற்காலையில் ஓட்டத்தை முடித்துவிடுவதும், வழியில் தண்ணீரும், தொடங்குமுன் உடல்நிலை விசாரிப்பும் அவர்கள் நம்பிக்கையை மீட்கும் முதற்படி.

மட்டுறுத்துநர்:

இழை பயனுள்ளதாகச் செல்கிறது. 18 வயதுக்குட்பட்ட மாணவர்களின் பெயர், படம், பாடசாலை ஆகியவற்றை இங்கே இட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டு பதிவுகள் அதன் காரணமாகவே நீக்கப்பட்டன.

கல்முனைக் கணக்கர் எழுதியது:

எல்லோரும் ஒரு விடயத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு எழுதுவதாகப் படுகிறது. 15 வயதில் தேசியமட்டத்தில் பதக்கம் பெற்ற பிள்ளை 17 வயதில் விளையாடாவிட்டால் அது ஏன் இழப்பாக வேண்டும்? அந்தப் பிள்ளை ஒரு காலத்தில் ஒன்றைச் செய்தது, நன்றாகச் செய்தது, பின்பு வேறொன்றுக்குப் போனது. இலங்கையில் மெய்வல்லுநர் விளையாட்டை நம்பிச் சீவிப்பவர் எத்தனை பேர்? முப்படைகளில் சேர்ந்தவர்களைத் தவிர்த்தால் விரல்விட்டு எண்ணலாம். பெற்றோர் எடுத்த முடிவு கணக்காகப் பார்த்தால் சரியான முடிவு. விளையாட்டை மேலும் நான்கு வருடம் இழுத்துச் செல்ல வைத்து, பின்னர் அந்தப் பிள்ளைக்கு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?

படுவான்கரை ஆசிரியர் எழுதியது:

கணக்கர் ஐயா கேட்டது நேர்மையான கேள்வி. தானாக விரும்பி விட்ட பிள்ளையைப் பற்றி எனக்கும் கவலை இல்லை. எறிவதற்கு இடமில்லாமல், யாரிடம் கேட்பதென்று தெரியாமல், ஈட்டியை வைப்பதற்கு விடுதியில் மூலை இல்லாமல் விட்ட பிள்ளையைப் பற்றியே எழுதினேன். பெறுபேற்றுப் பட்டியலில் இருவரும் ஒரே வெற்றிடமாகத் தெரிகிறார்கள், அதுதான் சிக்கல்.

என்ன கொடுக்கப் போகிறோம் என்று கேட்டீர்கள். தேசிய, சர்வதேச மட்டங்களில் விளையாட்டு, கலை போன்ற துறைகளில் விசேட திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட ஏற்பாட்டின் கீழ் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமையைப் பெற்றிருக்க வேண்டும். இடங்கள் மிகச் சில. ஆகையால் அதை நம்பி எவரும் விளையாட வேண்டாம். சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் ஒரு பட்டப்படிப்பாகவே இருக்கிறது. கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி ஆசிரியராகப் பயிலலாம். எங்கள் கோட்டத்தில் உடற்கல்விக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. அந்த ஆசிரியர்கள் இந்தப் பிள்ளைகளுக்குள் இருந்து வராவிட்டால் வேறெங்கிருந்து வருவார்கள்?

மத்தளச்சத்தம் எழுதியது:

விளையாட்டைப் பற்றியே பேச்சு போவதால் கூத்தைக் கொண்டுவருகிறேன். நான் வடமோடிக் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரின் மகன். எங்கள் ஊரில் தமிழ்மொழித் தினத்துக்காகக் கூத்துப் பழகிய பிள்ளைகள் பாடசாலையை விட்ட பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் எழுதிய பதினாறு வயது முறிவு அங்கே குறைவு. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன்.

பாடசாலைக்குக் கூத்து வருவதற்கு முன்பே அது ஊரில் இருக்கிறது. கண்ணகி அம்மன் சடங்குக்காலத்தில் வசந்தன் கூத்து ஆடிய சிறுவனுக்குத் தாளக்கட்டு காதில் ஏறிவிடுகிறது. ஊரில் கூத்துப் போட முடிவெடுத்தால், யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் ஆளைப் பார்த்துச் சட்டம், அதாவது பாத்திரத்துக்குரிய பாட்டு, கொடுக்கிறார். மாதக்கணக்கில் இரவுப் பழக்கம், பிறகு சதங்கை அணிதல், அதன் பின்னர் களரி எனும் ஆடுகளத்தில் அரங்கேற்றம். அந்த வட்டக்களரிக்குள் பத்து வயதுச் சிறுவனும் ஐம்பது வயதுக் கமக்காரரும் ஒன்றாக நிற்பார்கள். சாதாரணதரம், உயர்தரம் என்ற எல்லைகள் அங்கே எவருக்கும் நினைவில் இல்லை. பரீட்சைக்காக ஒரு வருடம் விலகியவன் அடுத்த வருடம் பிற்பாட்டுக்கு வந்து நின்றால், ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன் சல்லரித் தாளத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர அவனுக்கு ஓர் இடம் வைக்கப்பட்டிருக்கிறது.

போட்டிக் கூத்தில் எனக்கு மனக்குறைகள் உண்டு என்பதையும் எழுதிவிடுகிறேன். விடியவிடிய ஆடுவதை நிமிடக் கணக்குக்குள் அடக்கும்போது கட்டியகாரன் வரவு வெட்டப்படுகிறது, கொலுவரவு பாதியில் நிற்கிறது, நடுவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லா ஆட்டக் கோலங்களும் அவசரமாக அடுக்கப்படுகின்றன. உடுப்புக்கும் வண்டிக்கும் பாடசாலை பணம் தேடுகிறது. பழக்கிய அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடையோடு சரி. ஆனால் சுருக்குவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு கூத்தைச் சுருக்கி மேடையேற்றியிராவிட்டால், படித்தவர்கள் அதைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்று மாணவனாக அதில் ஆடிய மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார்.

ஊர் செய்யாத ஒன்றைப் பாடசாலை செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்க் களரியில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடிவந்தார்கள். சதங்கை கட்டிய பெண்பிள்ளையை நம்மில் பலர் முதன்முதலில் கண்டது பாடசாலை மேடையில்தான். என் அப்பா முதலில் முகம் சுளித்தார். பிறகு அந்தப் பிள்ளைகளின் தாளம் பிசகாததைக் கண்டு, அடுத்த முறை தானாகவே பழக்கப் போனார்.

பழைய மிக்கேலன் எழுதியது:

மத்தளச்சத்தம் சொன்னதை மறுப்பதற்காக அல்ல, பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக எழுதுகிறேன். பாடசாலையாலும் தலைமுறைத் தொடர்ச்சியைக் கொடுக்க முடியும். மட்டக்களப்பு நகரில் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியது புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்த அமெரிக்க இயேசுசபைத் துறவிகளால். வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி மைதானம் இன்றும் நிற்கிறது. ஹேபர்ட் அடிகளார் வகுப்பில் படிப்பித்ததோடு கூடைப்பந்தாட்ட அணியையும் பயிற்றுவித்தார். 1990 ஓகஸ்ட் மாதம் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமலாக்கப்பட்டார். அவருக்குப் பின்னரும், யுத்த காலம் முழுவதிலும், ஆட்டம் நிற்கவில்லை. ஏனென்றால் ஒரு தொகுதி மாணவர் அடுத்த தொகுதிக்குப் பழக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். பழைய மாணவர் மாலையில் வந்து எதிரணியாக நின்றார்கள்.

வடக்கில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியைப் பாருங்கள். கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் அங்கிருந்து வந்தவர். கோலும் மெத்தையும் தெரிந்த பயிற்றுவிப்பாளரும் ஓரிடத்தில் சேர்ந்தால், பார்த்துப் பழகிய அடுத்த பிள்ளையும் அதே நிகழ்ச்சிக்கு வருகிறது.

படுவான்கரை ஆசிரியர் எழுதியது:

மிக்கேலன் அண்ணன், நீங்கள் சொன்ன இரண்டு கல்லூரிகளும் தரம் 13 வரை உள்ளவை. அங்கே தரம் 12 மாணவன் தரம் 8 மாணவனுக்குப் பழக்குகிறான். எங்கள் பாடசாலையில் தரம் 12 என்பதே இல்லை. பழக்கக்கூடிய வயது வரும்போது பிள்ளை போய்விடுகிறது. அதனால் கீழே உள்ளவர்களுக்கும் நட்டம்.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்பு போக்குவரத்து எவ்வளவோ மேல். முன்னர் அந்த இடத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. ஆயினும் பாலம் வந்ததால் பிள்ளைகள் எழுவான்கரைக்குப் போவது எளிதாயிற்றே தவிர, பயிற்றுவிப்பாளர் எவரும் இக்கரைக்கு வந்ததை நான் காணவில்லை.

நிந்தவூர்க் கபடி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மத்தளச்சத்தம் நானா கூத்துக்குச் சொன்னது எங்கள் ஊரில் கபடிக்குப் பொருந்தும். ஆட்டம் பாடசாலையிலும் இருக்கிறது, ஊர்க் கழகத்திலும் இருக்கிறது. பொடியன் பாடசாலை மாறினாலும், பரீட்சை எழுதிவிட்டு வந்தாலும், அஸர் தொழுகைக்குப் பின், மாலையில், அதே மைதானத்தில் அதே மூத்தவர்களிடம் பிடிபடுகிறான். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டு விழாவில் சேர்க்கப்பட்ட பின்னர் கபடிக்குச் சர்வதேச வாசலும் திறந்துவிட்டது. ஆகவே பாடசாலைக்கும் கழகத்துக்கும் இடையில் ஒரு பிணைப்பு இருந்தால் பதினாறு வயது முறிவு பெருமளவு குறையும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கழகங்கள் ஆண்பிள்ளைகளுக்கானவை. பெண்பிள்ளைக்குப் பாடசாலை மட்டுமே மைதானம். பாடசாலை முடிந்தால் அவருக்கு மைதானமும் முடிந்தது. உடையைக் காரணமாகச் சொல்லும் காலம் போய்விட்டது. உதைபந்தாட்டத்தில் தலைமறைப்பு 2014 இலும் கூடைப்பந்தாட்டத்தில் 2017 இலும் சர்வதேச விதிகளில் அனுமதிக்கப்பட்டன. முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணிந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வலயமட்டத்தில் ஓடுகிறார்கள். மறைவான மைதானமும் பெண் பயிற்றுவிப்பாளரும்தான் இல்லை.

முன்னாள் ஓட்டக்காரி எழுதியது:

பெண்பிள்ளைகளுக்குப் பிந்திய தொடக்கம்கூட வீணல்ல என்பதற்கு நம் கண்முன் தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடினார். எங்கள் பல்கலைக்கழக மைதானங்களில் மாலை வேளைகளில் இடம் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் உயர்தரப் பெண்பிள்ளைகளைக் கிழமையில் ஒரு நாள் அங்கே வரவழைக்க முடியாதா என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அனுமதிக் கடிதம் யார் எழுதுவது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது.

தம்பிலுவில் சாரணர் எழுதியது:

இதுவரை வந்தவற்றை வாசித்தேன். கழகம், பயிற்றுவிப்பாளர், மைதானம் எல்லாம் பணமும் காலமும் கேட்பவை. பணம் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்.

சாரணியத்தில் ஒரு பிள்ளை எந்தச் சின்னத்தை எப்போது, யார் முன்னிலையில் பெற்றது என்பது பதிவேட்டில் கையொப்பத்தோடு இருக்கும். பிள்ளை வேறு பாடசாலைக்குப் போனால் அந்தப் பதிவும் கூடவே போகும். ஜனாதிபதி சாரணர் விருதுக்கு முயலும் பிள்ளை பாடசாலை மாறிய காரணத்தால் முதலிலிருந்து தொடங்குவதில்லை. புதிய சாரண ஆசிரியர் புத்தகத்தைத் திறந்தால் அடுத்து என்ன என்பது தெரியும். விளையாட்டு வீரருக்கும் கூத்துக்காரருக்கும் பாவோதுபவருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கோப்புறை நிறையச் சான்றிதழ்கள் இருக்கும். அதிலே முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று இருக்குமே ஒழிய, எத்தனை மீற்றர், எவ்வளவு நேரம், எந்த நிறைக் குண்டு என்பது இருக்காது. சில நிறுவனங்கள் பங்குபற்றிய எல்லோருக்கும் வழங்கும் சான்றிதழ்களும் அதற்குள் கலந்து கிடக்கும்; நேர்முகத்தில் அமர்ந்திருப்பவர் எதை நம்புவார்?

ஆகவே தரம் 11 முடிந்து பிள்ளை வெளியேறும்போது, விடுகைப் பத்திரத்தோடு ஒரு பக்கக் கையளிப்புப் படிவத்தையும் கொடுத்தால் என்ன?

படுவான்கரை ஆசிரியர் எழுதியது:

தம்பி, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் போலும். இரவிருந்து ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். பதக்க விபரத்தை வேண்டுமென்றே கீழே வைத்திருக்கிறேன். மேலே வர வேண்டியவை இவை: நிகழ்ச்சி, மிகச் சிறந்த பெறுபேறும் அதைப் பெற்ற போட்டியும் திகதியும், உபகரணத்தின் நிறை, புற்றரையில் ஓடியதா, செயற்கை ஓடுபாதையிலா, வெறுங்காலா, ஸ்பைக்ஸ் சப்பாத்தா.

கடைசி இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் புல்லிலும் மணலிலும் ஓடிப் பழகியவர்கள். தேசியமட்டத்துக்காகச் சுகததாச அரங்குக்கோ தியகமவுக்கோ போகும்போதுதான் பலர் செயற்கை ஓடுபாதையில் முதன்முதலாகக் கால் வைக்கிறார்கள். அந்தப் பாதைக்கு ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது என்பது விதி. புல்லுக்கென்று வாங்கிய நீள ஆணிச் சப்பாத்தோடு போய் வாசலில் திண்டாடியவர்களை அறிவேன். ஒருவரிடம் இரவல் வாங்கிய சப்பாத்தோடு ஓடிய பிள்ளையின் நேரத்தை, அதே பாதையில் வருடம் முழுவதும் பழகிய பிள்ளையின் நேரத்தோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. புதிய பயிற்றுவிப்பாளருக்கு இது தெரிந்திருந்தால், ஆறாம் இடம் வந்த பிள்ளையிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது புரியும்.

காயங்கள் ஏதும் இருந்தனவா, வளர்ச்சி எப்படி இருந்தது (ஓட்டக்காரித் தங்கச்சி சொன்ன காரணத்துக்காக வருடந்தோறும் உயரத்தை எழுதலாம்), யார் பழக்கினார், அவருடைய தொலைபேசி இலக்கம், பிள்ளை தொடர விரும்புகிறதா என்பவையும் உண்டு. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று எழுதவும் இடம் விட்டிருக்கிறேன். கணக்கர் ஐயாவின் பேச்சு மனதில் இருக்கிறது.

களுதாவளைத் தாய் எழுதியது:

சேர், அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள். பிள்ளைக்கு எந்த நாட்களில் எந்த நேரத்தில் பிரத்தியேக வகுப்பு இருக்கிறது, பயிற்சி முடிந்து வீடு திரும்ப என்ன வழி என்று பெற்றோர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த வரி இருந்தால் புதிய பாடசாலை எங்களோடு முதலில் பேச வேண்டியதே அதைப் பற்றித்தான். கிழமையில் இரண்டு நாள் காலையில் ஐந்தரை மணிக்கு என்று கேட்டிருந்தால், நானே கூட்டிப்போய் மைதானத்தில் இருந்திருப்பேன். வெள்ளி மாலையையும் ஞாயிறு காலையையும் அறநெறி வகுப்புக்கு விட வேண்டும் என்று கேட்கிறோமே, அதுபோல மைதானத்துக்கும் ஒரு மாலையை விடும்படி வகுப்பு நடத்துபவர்களிடம் பெற்றோராகிய நாங்கள் கேட்கலாம். ஒரு தாய் கேட்டால் நடக்காது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கேட்டால் நடக்கும்.

மத்தளச்சத்தம் எழுதியது:

கூத்துக்கும் படிவத்தில் இடம் வேண்டும். ஆடிய பாத்திரம், வடமோடியா தென்மோடியா, எந்தத் தாளக்கட்டுகள் பழகியாயிற்று, மத்தளமோ சல்லரியோ கை வருமா, பழக்கிய அண்ணாவியார் யார் என்று ஐந்து வரி போதும். புதிய பாடசாலையில் தமிழ்மொழித் தினத்துக்கு ஆள் தேடும் ஆசிரியருக்கு அது பெரிய உதவி. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக விரும்பும் பிள்ளைக்கும் பின்னர் பயன்படலாம். சங்கீதமும் நடனமும் பயில்பவர்களுக்கு வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் இருப்பதால், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை எவரும் அறியலாம். கூத்துப் பிள்ளைக்கு அப்படி எழுதி வைத்த அளவுகோல் இல்லை.

கல்முனைக் கணக்கர் எழுதியது:

இல்லை என்று எழுத இடம் விட்டதற்கு நன்றி. ஒரு நடைமுறைக் குறிப்பு: படிவத்தின் ஒரு பிரதி பழைய பாடசாலையின் கோப்பிலும் இருக்கட்டும். அடுத்த வருடம் எத்தனை பிள்ளைகள் தொடர்ந்தார்கள் என்று அந்தப் பிரதிகளை வைத்து நீங்களே பார்க்கலாம். அதற்குப் பிறகு வலயத்திடம் பேசப் போனால், உங்கள் கையில் கவலைக்குப் பதிலாகக் கணக்கு இருக்கும்.

நிந்தவூர்க் கபடி எழுதியது:

சேர், உங்கள் பிள்ளை ஒன்று எங்கள் வலயப் பாடசாலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். படிவத்தை யாருக்கு முகவரியிடுவீர்கள்? அதிபருக்கா, விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கா, அல்லது பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவீர்களா?

படுவான்கரை ஆசிரியர் எழுதியது:

அதிபருக்கு முகவரியிட்டு, பிரதியைப் பொறுப்பாசிரியருக்கு அனுப்புவதே உசிதம். அதிபர் ஊடாகப் போகாத கடிதம் கோப்பில் ஏறாது. பொறுப்பாசிரியருக்குத் தெரியாத கடிதம் கோப்பிலேயே கிடந்துவிடும். பிள்ளையின் கையிலும் ஒன்று இருக்கும். சாதாரணதரப் பெறுபேறு வெளியாகி, பிள்ளைகள் உயர்தரத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்குவதற்கு முன் எங்கள் அதிபரின் கையொப்பத்தைப் பெற்றுவிடப் பார்க்கிறேன். மாதிரிப் படிவத்தை நாளை இந்த இழையிலேயே இணைக்கிறேன்; மற்ற வலயத்து ஆசிரியர்கள் தங்கள் பாடசாலைப் பெயரை இட்டு அப்படியே பயன்படுத்தலாம்.